கதவைக் காற்றிடம் கொடுக்காதே

விலையைக் கடைசியில் பேசலாம், நேஷா.
முதலில் இதைப் பிடி. இரண்டு பக்கம்.
டிராம் டிப்போவின் பழைய கடுதாசியில் எழுதியது,
கீழே என் கையெழுத்து: ஒர்னெல்லா விஸ்கோவிச்.

லான்சியா கூப்பே, எழுபத்தொன்றாம் வருடத்தது.
பச்சை. இடது கதவு மட்டும் வேறு பச்சை,
அது போரா காற்றின் வேலை.
த்ரியெஸ்தேயில், பிப்ரவரியில்,
கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு
சில்லறை தேடக் கூடாது.
காற்றுக்கு மூக்கைக் காட்டி நிறுத்து. எப்போதும்.

குளிரில் மூன்றாவது கியர் விழாது,
கறகறவென்று பல்லைக் கடிக்கும்.
இரண்டைத் தொட்டுவிட்டுப் போனால் சமாதானமாகும்.
பின்கண்ணாடி ஒழுகும், பெருமழைக்கு மட்டும்.
ஹீட்டர் ஜூலையில் பிரமாதமாக வேலை செய்கிறது.
ஓட்டுகிறவர் காலடியில் துரு. இரு,
விரிப்பை நானே தூக்குகிறேன். பார்,
ஒரு காசளவு தெரு தெரிகிறது.
பக்கத்து இருக்கையில் சிகரெட் சுட்ட வடு.
துயிலியோ. என் கணவனாக இருந்தவன்.
அதற்கு விலையில் ஏற்கெனவே கழித்தாயிற்று.

ஏன் வாங்கினீர்கள் என்று கேட்கிறாள்.
எல்லோரும் ஏன் விற்கிறீர்கள் என்றுதான் கேட்பார்கள்.
இருபத்தாறு வருடம் டிராம் ஓட்டினேன், பெண்ணே.
டிராமில் ஸ்டீயரிங் கிடையாது.
மணி உண்டு, பிரேக் உண்டு, குடை மறந்த பயணிகள் உண்டு.
திரும்ப வேண்டிய இடங்களை எல்லாம் யாரோ
நான் பிறக்கும் முன்பே இரும்பில் எழுதிவிட்டார்கள்.
அதனால் ஞாயிறுகளில் இதில் ஏறி
கார்ஸ்ட் மேட்டில்
தேவையே இல்லாத வளைவுகளைத் தேடிப் போவேன்.
இப்போது இடது தோள் மறுக்கிறது.
அதையும் பட்டியலில் எழுதியிருக்கலாம்.

நேஷாவுக்கு லுப்லியானாவில் பல் ஆய்வகத்தில் வேலை.
பையிலிருந்து ஒரு காந்தம் எடுக்கிறாள்,
ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற பிளாஸ்டிக் எலுமிச்சம்பழம்.
வண்டியின் உடம்பெங்கும் வைத்துக்கொண்டே வருகிறாள்.
ஒட்டுகிறது. ஒட்டுகிறது. ஒட்டுகிறது.
வலது முன்சக்கரத்தின் மேல்
எலுமிச்சம்பழம் நழுவி விழுகிறது.

அங்கே ஒன்றுமில்லை, அசல் தகடு, என்கிறேன்.
மறுபடி வைக்கிறாள். மறுபடி விழுகிறது.
விரல்முட்டியால் தட்டுகிறாள்,
மரப்பெட்டியின் குரல் வருகிறது.
"புட்டி," என்கிறாள் மெதுவாக. "நல்ல கனம். சுத்தமான வேலை."

சுத்தமான வேலைதான்.
முழங்கால் அறுவைக்கு
ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன் ஒருமுறை.
பூ கொண்டுவந்தான். நகக்கண்ணில் வெள்ளையாக ஏதோ.
சுவரைப் பூசினேன் என்றான்.
எந்தச் சுவர் என்று நான் கேட்கவில்லை.
அதன்பிறகு மாதம் ஒருமுறை
ஒரு முழுப் பூசணிக்காயை
மெழுகு போட்டுத் துடைத்திருக்கிறேன், என் கையால்.
இருபத்திரண்டு வருடம் ஓட்டியவள் நான்.
ஒட்டியவன் அவன்.

பேனாவைக் கேட்டு வாங்கிப் பட்டியலில் சேர்க்கிறேன்:
வலது முன்பக்கம், புட்டி, விற்பவளுக்குத் தெரியாது.
கடைசி இரண்டு சொல்லையும் அடித்துவிட்டு
முந்நூறு யூரோ குறைக்கிறேன்.
ஐயோ வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.
எனக்கு அது பிடித்திருந்தது.

போகிறாள். தெருமுனையில் ஒரு கறகற.
பிறகு இரண்டைத் தொட்டு, மூன்று.

காபி ஆறுவதற்குள் தொலைபேசி.
"பசோவிட்சா தாண்டி நிற்கிறேன். எஞ்சின் அணைந்துவிட்டது.
பெட்ரோல் இருக்கிறது, முள் பாதி காட்டுகிறது."

முள் பாதிதான் காட்டும்.
நிரம்பினாலும் பாதி, காய்ந்தாலும் பாதி.
இரண்டு பக்கம் எழுதியவள்
இதை எப்படி விட்டேன் என்று
என்மேல் காந்தம் வைத்துப் பார்க்க வேண்டாம்.
ஐந்து லிட்டர் கேனைத் தேடி எடுத்துவிட்டேன்.
கீழ்வீட்டு எஜிதியோவிடம் ஸ்கூட்டர் கேட்க வேண்டும்.
மேட்டுக்குப் பதினோரு வளைவு.
தோள் வலிக்கத்தான் செய்யும்.